இரவல் என்றுதானே சொன்னாய்

சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றிவிட்டு, சக்கரக்கா ஒரு சாக்குக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் கை அசையாமல் பிடித்திருந்தாள். சுற்றி வரும்போது எந்த இடம் புடைத்திருக்கிறதோ அந்த இடம் சாக்கில் உரசி வெள்ளையாகும். வெள்ளை விழுந்த பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு முறுக்க வேண்டும். மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். இதற்குக் கோட்டம் எடுப்பது என்று பெயர். அவசரக்காரர்கள் ஒரே முறுக்காக முறுக்கி, இந்தப் பக்கத்துக் கோட்டத்தை அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். அவள் அவசரக்காரி இல்லை. ஒரே ஒரு தடவை அவசரப்பட்டாள். இது அந்தத் தடவையைப் பற்றியது.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருந்த அந்த சைக்கிள் கடையில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். பஞ்சர், காற்று, செயின் எல்லாம் கணவர். கோட்டம், பிரேக், வெல்டிங் எல்லாம் அவள். அப்பாவின் கடை, தொழிலும் அப்பாவிடம் கற்றதுதான். கணவருக்கு முதுகு வலி, அதனால் முக்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். வாய்க்கு மட்டும் வலி கிடையாது. "இந்தக் கடையில உழைக்கிறது அவ, மூச்சு விடுறது நான்" என்று காற்றுப் பம்பைத் தட்டிக்காட்டிச் சொல்வார். முப்பது வருடமாக அதே நகைச்சுவை. வாடிக்கையாளர்கள் புதிது புதிதாக வந்ததால் ஓடிக்கொண்டிருந்தது.

சக்கரக்கா என்ற பெயர் வந்தது அவளுடைய அக்காவின் சக்கர நாற்காலியால். அக்கா பக்கவாதத்தில் விழுந்து நான்கு வருடம் இவள் வீட்டில் இருந்தாள். ஒரு மனுஷியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று நர்ஸிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு, முதலில் பிரேக்கைப் போடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டாள்; நான்கு வருடத்தில் அக்காவுக்கு ஒரு படுக்கைப் புண் வரவில்லை. அக்கா போன பிறகு அந்தச் சக்கர நாற்காலி மூலையில் நின்றது. எட்டு மாதம் அதன் மேல் துவைத்த துணி தொங்கியது.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆள் தன் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு வந்து கடை வாசலில் மூச்சு வாங்கினார். வீல் சேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அவள் வீட்டுக்குள் போய், துணிகளை உதறித் தள்ளிவிட்டு, அக்காவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எவ்வளவும்மா?"

"ஒண்ணும் வேணாம். எடுத்துட்டுப் போங்க."

அந்த ஆளின் முகம் மாறியது. "தர்மமா? வேணாம்மா. அப்பா ஒத்துக்க மாட்டாரு." மறுபடி அப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார். பெரியவரின் தலை, ஒவ்வொரு அடிக்கும் மகனின் தோளில் இடித்து இடித்து நிமிர்ந்தது. பத்துப் பன்னிரண்டு அடி வரைக்கும் அவள் பார்த்தாள். பிறகு சத்தம் போட்டாள்.

"ஏங்க! நில்லுங்க. இது எங்க அக்காவோடது. சும்மா யாரு குடுப்பா? இரவலா எடுத்துட்டுப் போங்க. வேலை முடிஞ்சதும் கழுவித் துடைச்சுத் திருப்பிக் கொண்டு வரணும், ஆமா!"

திட்டுவது போலத்தான் சொன்னாள். அந்த ஆள் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு வாங்குகிறவர்களைப் பற்றி ஒன்று புரிந்தது. கொடுக்கிறவர்களைப் பற்றிப் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது. பிரேக் பார்க்க, டயர் மாற்ற என்று வீடு வீடாகப் போகிறவள் அவள். நோயாளி இருந்த வீடுகளில் எல்லாம் ஒரு மூலை இருக்கும். அந்த மூலையில் ஒரு நாற்காலியோ, நடைக்கம்போ, கழிப்பறை நாற்காலியோ தூசி குடித்துக்கொண்டு நிற்கும். "யாருக்காவது தானமா குடுத்திடுங்களேன்" என்றால் கதவு சாத்தியது போல முகங்கள் சாத்திக்கொள்ளும். ஒருவர் மட்டும் ஒத்துக்கொண்டார், முதுகுப் பக்கத்தில் தன் பெயரை ஒரு ஜாண் உயரத்தில் எழுதவேண்டும் என்ற நிபந்தனையோடு. அதில் உட்காரப் போகிறவர் ஊர் முழுக்க இன்னொருவரின் பெயரைச் சுமந்து திரிய வேண்டும்.

பிறகு வார்த்தையை மாற்றினாள். "இரவலா குடுங்க. உங்க பொருள் உங்க பொருள்தான். கேட்டா வந்துடும்."

ஏணி கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. பெரிய அண்டா கேட்டால் யோசிப்பதில்லை. அதுபோலவே கொடுத்தார்கள். நிரந்தரமாகப் பிரிவதற்குத்தான் கை வரவில்லை; கொஞ்ச நாள் வெளியே போய்விட்டு வரட்டும் என்பதற்கு வந்தது. ஆறு வருடத்தில் இருபத்து மூன்று நாற்காலிகள் சேர்ந்தன. நடைக்கம்புகள் தனி.

"பொய் சொல்லிப் பிச்சை எடுக்கிறதுல உன்னை மிஞ்ச ஆள் கிடையாது" என்றார் கணவர்.

"பொய் எங்க சொன்னேன்? வார்த்தையைத்தான் மாத்தினேன்."

"எவனாவது திருப்பிக் கேட்டா?"

"யாரு கேக்கப்போறா?"

வாடகை கிடையாது. ஆனால் ஒரு வரி எழுத வேண்டும். ஒவ்வொரு நாற்காலியிலும் பழைய ட்யூபை வாராக நறுக்கி ஒரு அட்டையைக் கட்டியிருந்தாள். பொருளைக் கொடுப்பவர் முதல் வரி எழுத வேண்டும். பயன்படுத்தித் திருப்பித் தருகிறவர் அடுத்த வரி. பெயர் எழுதக் கூடாது, நன்றி எழுதக் கூடாது. அடுத்த ஆளுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது. "மேடு ஏற்றும்போது பின்பக்கமாகத் திருப்பி இழுக்கவும்." "இடது பிரேக்கை நம்ப வேண்டாம்." "சாப்பிடும்போது மடியில் தலையணை வைத்தால் தட்டு சாயாது." "குளிப்பாட்டும்போது திட்டுவார். பொருட்படுத்த வேண்டாம்." சும்மா ஒரு அட்டைதான். ஆனால் தங்கள் வரியை எழுதிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து, தங்களுக்குப் பிறகு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. போர்வை வந்தது, மெத்தை வந்தது, பிரிக்காத துணி டயப்பர் பெட்டி வந்தது.

தபால்காரர் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. ஓய்வு பெற்றவர், மெலிந்த மனிதர், இன்னும் அதே பழைய சைக்கிள். அவருடைய மனைவி வலது பக்கம் முழுவதும் விழுந்து, பேச்சும் போய், ஆறு வருடம் நாற்காலியில் இருந்து இறந்துபோனார். மகன் குடும்பத்துக்கு இடம் போதவில்லை, அதனால் நாற்காலியைக் கொண்டுவந்தார்.

"இரவல்தானே?"

"இரவல்தான் ஐயா."

கடைப் படி இறங்கித் திரும்பினார். "இரவல்தானே ம்மா?"

"இரவல்தான்."

சைக்கிளில் ஒரு காலை வைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் கேட்டார். கணவர் பம்பை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை கேட்டா எங்களுக்கே சந்தேகம் வந்துடும் ஐயா" என்றார்.

அட்டையில் அவர் எழுதிய வரி மற்றவர்களுடையதைவிட நீளம். "இடது கையில் ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தட்டிக்கொண்டே இருந்தால் ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் உட்காரவும்."

சக்கரக்கா படித்தாள். இது நாற்காலியைப் பற்றிய குறிப்பே இல்லையே, யாருக்குப் பயன்படும் என்று நினைத்தாள். கட்டித் தொங்கவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அந்த நாற்காலி இரண்டு தெரு தள்ளி இருந்த தையல்காரிக்குப் போனது. விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவள். கால் மிதிக்கிற மெஷினை மாற்றி மோட்டார் வைத்துக்கொண்டாள், ஆனால் நாற்காலியின் இடது கை மேஜையில் முட்டியது. எட்டித் தைத்தால் தோள் போய்விடும். சக்கரக்கா பார்த்தாள், ரம்பத்தை எடுத்தாள், பத்து நிமிடத்தில் இடது கைக் குழாயை அடியோடு அறுத்துவிட்டாள். அன்றைக்குக் கடையில் நான்கு வண்டி காத்திருந்தன. அதுதான் அந்த அவசரம்.

இப்போது, சாக்குக்கட்டியும் கையுமாக அவள் நின்றிருந்த மத்தியானத்தில், தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"வாங்க ஐயா. காத்து அடிக்கணுமா?"

"காத்து இருக்கும்மா. என் வண்டி வேணும்."

"எந்த வண்டி?"

"இரவல் குடுத்தேனே. அது."

சக்கரம் தானாகச் சுற்றி நின்றது. "யாருக்கு உடம்பு முடியலை?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லை. பையன் போன வாரம் வேற வீட்டுக்குப் போயிட்டான். இடம் இல்லைன்னுதானே குடுத்தேன்? இப்ப இடம் இருக்கு."

அவ்வளவுதான் காரணம். அதை அவர் கண்ணைக் கசக்காமல், ஒரு முகவரியைச் சரிபார்ப்பது போலச் சொன்னார்.

"இதைவிட நல்லதா, புதுசா ஒண்ணு வந்திருக்கு ஐயா..."

"புதுசு எனக்கு எதுக்கும்மா? நான்தான் நடக்கிறேனே." கொஞ்சம் பொறுத்து, "இரவல்னுதானே சொன்னே?" என்றார்.

"ஆமா ஐயா."

"இப்பவேன்னு இல்லை. நாளைக்குச் சாயங்காலம் வரேன்."

அவர் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் கணவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு, "வேற ஊருக்குப் போயிடுச்சுன்னு சொல்லிடு. ஒடைஞ்சு போச்சுன்னு சொல்லு. வயசானவர், ரெண்டு நாள்ல விட்டுடுவார்" என்றார்.

"ஒடைஞ்சு போகலை. நான் அறுத்தேன்."

"அதைத்தான் சொல்றேன். இரவல் வாங்கின ஏணியை யாராவது ரெண்டா அறுப்பாங்களா? நீயே அதை இரவல்னு நினைக்கலை."

அது நறுக்கென்று பட்டது. உண்மை என்பதால் பட்டது. இரவல் என்று இருபத்து மூன்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஒரு வீட்டில்கூட நம்பிச் சொல்லவில்லை.

"இந்த ஒண்ணு திரும்பிப் போகலைன்னா, மீதி இருபத்திரெண்டும் இரவல் இல்லை. திருட்டு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

தையல்காரியின் அறையில் மடித்த பள்ளிக்கூடச் சட்டைகள் மெத்தை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. இன்னும் நாற்பது சட்டை நான்கு நாளில் கொடுக்க வேண்டும். விஷயத்தைக் கேட்டதும் மெஷினை நிறுத்தினாள்.

"என்னக்கா, காலைக் குடுத்துட்டுத் திருப்பிக் கேக்குறீங்களா?"

"இரவல்னு சொல்லித்தானே குடுத்தேன்."

"அது எல்லாரும் சொல்ற பேச்சுதானே! நான் நிஜம்னா நினைச்சேன்?"

"நானும்தான் நினைக்கலை."

தையல்காரி அவளையே பார்த்தாள். "இதை எடுத்துட்டா நாளைக்கு நான் எதுல உக்காந்து தைக்கிறது? தள்ளிப்போட முடியாது. இந்த ஆர்டர் போச்சுன்னா அடுத்த வருஷமும் வராது."

"வேற வண்டி கொண்டு வரேன். அதுல உக்காந்து நீ ஒரு சட்டை முழுசா தைச்சுப் பார்த்து, சரின்னு சொன்னப்புறம்தான் இதை எடுப்பேன். வராதுன்னு நீ சொன்னா, பெரியவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"அவரு யாருக்கா? எதுக்குக் கேக்குறாரு?"

சக்கரக்கா நாற்காலியில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு வருடமாக அது தையல்காரியின் முதுகுக்குப் பின்னால் தொங்கியிருக்கிறது. அவள் பார்த்ததே இல்லை. படித்தாள். இடது பக்கம், கை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். மெஷினைத் திரும்ப ஓட்டினாள்.

கடையில் இருந்த புது நாற்காலி மளிகைக்காரருடையது, அவருடைய அப்பாவுக்கு வாங்கியது. சக்கரக்கா நேராக மளிகைக்கடைக்குப் போனாள்.

"உங்க வண்டியோட இடது கையைக் கழட்டி மாட்டுற மாதிரி பண்ணலாமான்னு கேக்க வந்தேன்."

"இரவல் குடுத்தாச்சு. கேட்டுட்டு வேற பண்ணுவியா?"

"இனிமே கேட்டுட்டுத்தான்."

"பண்ணும்மா." பிறகு சந்தேகத்தோடு, "திரும்பி வரும்போது கை இருக்கும்ல?" என்றார்.

"இருக்கும்."

அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை அது. குழாயை அறுத்து எறிவதற்குப் பதிலாக, உள்ளே ஒரு சின்னக் குழாயைச் செருகி, ஒரு திருகாணி வைத்தால் போதும். வேண்டும்போது கை இருக்கும், வேண்டாதபோது கழன்று வரும். ஒரு மணி நேரம் கூடுதல். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அன்று ரம்பத்தை எடுத்தாள்.

மறுநாள் காலையில், இடது கையைக் கழற்றிய அந்தப் புது நாற்காலியில் தையல்காரி உட்கார்ந்து பார்த்தாள். "இதென்னக்கா, இதுல ரெண்டு பேர் உக்காரலாம் போல இருக்கே. மாப்பிள்ளை பார்த்துட்டீங்களா?" என்றாள். இருக்கை அகலம், அதோடு இரண்டு விரல்கடை உயரம். சக்கரக்கா பக்கவாட்டில் திண்டு வைத்து அகலத்தைக் குறைத்தாள். நாற்காலியைத் தாழ்த்த வழியில்லை. எனவே மேஜையை உயர்த்தினாள், பழைய கதவு நிலையை அறுத்து நான்கு காலுக்கும் நான்கு கட்டை. உணர்ச்சி இல்லாத உடம்புக்குப் பழக்கமில்லாத இருக்கை ஆபத்து, தெரியாமலே புண் வந்துவிடும். "அரை மணிக்கு ஒரு தடவை ரெண்டு கையையும் ஊன்றி எழும்பு. சாயங்காலம் தங்கச்சியை விட்டு முதுகுக்குக் கீழ சிவந்திருக்கான்னு பார்க்கச் சொல்லு. வெட்கப்படாதே" என்றாள்.

தையல்காரி ஒரு சட்டை முழுவதும் தைத்தாள். காலர் வைத்து, பொத்தான் துளை போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

"தோள் வலிக்கலை. எடுத்துட்டுப் போங்க" என்றாள். பிறகு, "இருங்கக்கா" என்று அட்டையை இழுத்து, துணியில் கோடு போடுகிற பென்சிலால் ஒரு வரி எழுதினாள்.

அறுத்த கை கடையில்தான் இருந்தது. சைக்கிள் கடையில் எதுவும் குப்பைக்குப் போகாது. துருப்பிடித்த தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது. மேலே ரெக்ஸின் திண்டு. அதன் நுனியில் ஒரே ஒரு இடத்தில், நடுவிரல் படுகிற இடத்தில், ரெக்ஸின் தேய்ந்து உள்ளிருந்த பஞ்சு தெரிந்தது. ஆறு வருடத் தட்டல். அறுக்கும்போது அதை அவள் பார்க்கவில்லை. திண்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாயைப் பற்றவைத்தாள், அரத்தால் தேய்த்தாள், திண்டைப் பழையபடி மாட்டினாள்.

"பெயின்ட் அடிச்சுடு. தெரியாது" என்றார் கணவர்.

"தெரியட்டும்."

சாயங்காலம் தபால்காரர் வந்தார். அவர் நாற்காலிக்குக் கிட்டே போவதற்குள் சக்கரக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"ஐயா, தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இதோட ஒரு கையை நான் அறுத்துட்டேன். உங்ககிட்ட கேக்கலை. இப்ப ஒட்ட வச்சிருக்கேன்."

"எந்தக் கை?"

"இடது."

"எழுதிக் குடுத்தேனே" என்றார்.

"படிச்சேன் ஐயா. படிச்சுட்டுத்தான் அறுத்தேன்."

கணவர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார், முதுகு வலியையும் மறந்து. பெரியவர் குனிந்து பற்றவைத்த இடத்தை விரலால் தடவினார். பிறகு திண்டின் நுனிக்குக் கையைக் கொண்டுபோனார். பஞ்சு தெரிந்த இடம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அட்டையைத் திருப்பினார். தன்னுடைய வரிக்குக் கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"'இதில் உட்கார்ந்து எண்ணூறு சட்டை தைத்திருக்கிறேன். கை இல்லாததால்தான் முடிந்தது. மன்னிக்கவும்.'"

"எண்ணூறா?" என்றார்.

"இருக்கும் ஐயா. பள்ளிக்கூடச் சட்டை."

டீ வேண்டாம் என்று தலையசைத்தார். நாற்காலியைப் பிடித்துத் திருப்பி, கடைப் படியில் பின்பக்கமாக இறக்கி, நோயாளி உட்கார்ந்திருப்பதைப் போலவே மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார். போனபிறகுதான் கவனித்தார்கள், அவருடைய சைக்கிள் கடை வாசலிலேயே நின்றது.

"கோவமாத்தான் போறாரு" என்றார் கணவர்.

"கோவப்படட்டும். அவர் பொருள் அவர்கிட்ட போயிடுச்சு."

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தச் சைக்கிளைத் தூக்கித் தாங்கியில் போட்டாள். பின்சக்கரத்தில் நல்ல கோட்டம். எத்தனை வருடமாகவோ உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிச் சுற்றில் சாக்கு எங்கும் படவில்லை.

தபால்காரர் நடந்து வந்தார். இரண்டு கையிலும் பெரிய பை. படியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். ஒன்றில் சுருட்டிய காற்று மெத்தை, படுக்கைப் புண் வராமலிருக்க விட்டு விட்டுக் காற்று நிரப்புகிற வகை. இன்னொன்றில் அதன் மோட்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு இப்படி ஒன்று அவரிடம் இருப்பதாகக்கூட அவர் சொல்லவில்லை.

"இதையும் வச்சுக்கோ" என்றார்.

சக்கரக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "இரவல்தான் ஐயா."

"தெரியும்."

மூன்று முறை கேட்ட மனிதர் இந்தத் தடவை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவள் அட்டையை நீட்டினாள். கடைப் படியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து, தபால் உறையில் எழுதுவது போல இடம் விட்டு எழுதினார்.

"மோட்டார் சத்தம் முதல் இரண்டு நாள் தூங்க விடாது. மூன்றாம் நாள் பழகிவிடும். பிறகு, அது நின்றால்தான் விழிப்பு வரும்."

அவர் சைக்கிளில் ஏறிப் போனார். பத்தடி போனதும் நிறுத்தி, பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, மறுபடி ஏறினார்.

சக்கரக்கா மெத்தையைச் சோப்பு நீரால் துடைத்து வெயிலில் விரித்தாள், மோட்டாரை ஓட்டிப் பார்த்து, ட்யூப் வாரால் அட்டையைக் கட்டினாள். வீட்டில் படுத்திருக்கும் ஒருவருக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றே, முதுகில் சிவந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்து மணிக்கு மெத்தையைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்குக் கிளம்பினாள்.